பாதிப் பெயர் எழுதிய லாரி

பெயிண்டர் யாகூப் காலி டீசல் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார். இடது கையில் தேங்காய்ச் சிரட்டை. அதில் மஞ்சள் பெயிண்ட். லாரியின் நெற்றிப் பலகைக்கு முந்தின நாள்தான் பச்சை அடித்திருந்தோம். அந்த வாசனை எங்கள் பேகம்பூர்த் தெருவின் தோல் பதனிடும் வாசனையையே அமுக்கிவிட்டது.

"என்ன பேரு எழுத?" என்று கேட்டார்.

"நூர்ஜஹான்."

அது உங்கள் பெரியக்காவின் பெயர். அப்போது அவளுக்கு இரண்டு வயது. மற்றப் பிள்ளைகள் நீங்கள் யாரும் பிறக்கவில்லை. உங்கள் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, பெயிண்ட் சிரட்டையை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

யாகூப் இரண்டு எழுத்தை முடித்திருந்தார். "நூர்." மூன்றாவது எழுத்துக்குப் பிரஷைத் தோய்க்கும்போது தெருமுனையில் ஒரு குதிரை வண்டி வந்து நின்றது. மண்டியின் கணக்குப்பிள்ளை இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"யாரைக் கேட்டு எழுதுறீங்க? வண்டி மண்டியோடது. கடைசி வாடகை கட்டுற வரைக்கும் நெத்தியும் மண்டியோடதுதான்."

தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டுக் கறிக்கடைக்காரர் கதவில் சாய்ந்தபடி, "ஏலே அப்பு, பேரு வைக்கிறதுக்கு முந்தி பெத்துக்கணும்ல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

குதிரை வண்டியிலிருந்து முதலாளி பொன்னுச்சாமி மெதுவாக இறங்கினார். ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். திண்டுக்கல்லில் காய்கறி மண்டி, மூன்று லாரி. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நெற்றிப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"எழுதுன மட்டும் இருக்கட்டுமுங்க பாய். மிச்சம் மூணு எழுத்த, கடைசி மாசம் முடிஞ்ச அன்னைக்கு எழுதிக்கலாமுங்க. நானே வந்து நிக்கறேன்."

யாகூப் பீப்பாயிலிருந்து இறங்கினார். பாதிப் பெயரோடு அந்த லாரி தெருவை விட்டுப் புறப்பட்டது.

வாடகை என்ற ஒரு சொல்

இந்தத் தொடரை உங்களுக்காகத்தான், என் பிள்ளைகளுக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் பத்திரிகை அலுவலகத்துக்கு டிரைவர் தம்பிகள் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். மாதாமாதம் வாடகை கட்டி ஓட்டி, கடைசியில் லாரியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்கள். நான் போட்டவன். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

பொன்னுச்சாமி சொன்னது இதுதான். லாரியை நான் ஓட்ட வேண்டும். மண்டி கொடுக்கும் லோடு மட்டும் ஏற்ற வேண்டும். மாதம் ஒரு தொகை வாடகை. டீசல், டயர், ரிப்பேர் எல்லாம் என் பாடு. இரண்டரை வருஷம் விடாமல் கட்டினால் வண்டி என்னுடையது. தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் வண்டி மண்டிக்கே திரும்பிவிடும்; கட்டினது கட்டினதுதான்.

அதற்கு முன் பத்து வருஷம் அடுத்தவர் வண்டியில் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்தக் காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். மேட்டில் அந்த பஸ் மூச்சு வாங்கும். பிரயாணிகள் இறங்கிப் பக்கத்திலேயே நடந்து வருவார்கள். ஒரு தடவை சின்னாளப்பட்டியில் சேலை மூட்டையோடு ஏறிய ஒருவர், இறங்கி நடந்து, முன்னாலேயே போய் டீ குடித்துவிட்டு, மறுபடி ஏறிக்கொண்டார். அந்தக் கதையை விட்டால் ஒரு வாரம் ஓடும்.

சொல்ல வந்தது வேறு. சொந்த வண்டி என்பது எனக்குப் பத்து வருஷ ஆசை. ஆனால் வட்டிக்கு வாங்கி வண்டி எடுக்க மனம் வரவில்லை. என்னைப் பெற்ற அத்தா இருந்தவரை, வட்டி என்று யாராவது வீட்டுக்குள் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். இதைப் பொன்னுச்சாமியிடம் சொன்னேன்.

"இது வட்டி இல்லீங்க பாய். வாடகை," என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் மனம் குளிர்ந்துவிட்டது. மார்க்கத்துக்கு விரோதம் இல்லை என்று தெரிந்ததும், வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. நான் செய்த தப்பு அதுதான். ஒரு கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிட்டதால் மற்ற கேள்விகளை எல்லாம் மறந்தேன்.

பத்திரம் எழுதுகிறவர் மூன்று பக்கத்தையும் மெயில் வண்டி ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி வாசித்தார். நான் எட்டாவது வரை படித்தவன். வாங்கிப் படித்திருந்தால் புரிந்திருக்கும். ஆனால் முதலாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது பத்திரத்தை வாங்கி எழுத்துக்கூட்டுவது, "உம்மை நம்பவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்வது போல. எங்கள் பக்கத்தில் அப்போது யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தலையை ஆட்டினேன். என் பங்கு நகலை மடித்து நிக்காஹ் பத்திரத்தோடு தகரப் பெட்டியில் வைத்தேன்.

"மீதி எங்க பாய்?"

முதல் ஒன்றரை வருஷம் நன்றாகவே ஓடியது. விடியும்போது ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடை ஏற்றுவோம். பனியில் நனைந்த தக்காளிக்கு ஒரு பச்சை வாசனை உண்டு. சட்டையை இரண்டு தடவை துவைத்தாலும் போகாது. வெங்காயச் சீசனில் கண் எரியும். நெய்க்காரப்பட்டியில் வெல்லம் ஏற்றினால் ஈயும் தேனீயும் பாலக்காடு வரை கூடவே வரும்.

போகிற இடமெல்லாம் அந்தப் பாதிப் பெயர்தான் பேச்சு. செக்போஸ்ட்டில் இருப்பவர் டார்ச்சால் தட்டி, "நூர் இருக்கு. மீதி எங்க பாய்?" என்பார்.

"மீதி வர இன்னும் பதினாறு மாசம் இருக்குங்க," என்பேன்.

அடுத்த தடவை அவரே, "இப்ப பதினஞ்சா?" என்று கேட்டுவிட்டுத் தடுப்புக் கம்பைத் தூக்குவார். என் தவணையை என்னைவிட அவர்தான் சரியாக எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் வேடசந்தூர் அந்தோணி அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அவரும் இதே மாதிரி வேறொரு முதலாளியிடம் வாடகை கட்டி லாரியைச் சொந்தமாக்கினார். கடைசி மாதம் கட்டியதும் சாவியைக் கொடுத்தார்கள். ஆனால் சரக்கு ஏற்றும் பெர்மிட் பழைய முதலாளி பெயரிலேயே இருந்தது. பத்திரத்தில் பெர்மிட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெர்மிட் இல்லாத லாரி ரோட்டில் போக முடியாது. அண்ணன் வீட்டு வேப்பமரத்தடியில் அது ஒரு வருஷம் நின்றது. கோழிகள் டிரைவர் சீட்டில் முட்டையிட்டன.

"சொந்த வண்டி வாங்குனேன், கோழிப்பண்ணை கெடச்சுது," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நானும் கூடவே சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அப்போதும் தோன்றவில்லை பாருங்கள்.

நெய்க்காரப்பட்டியில் கேட்ட சத்தம்

பத்தொன்பது மாதம் கட்டியாகிவிட்டது. ஐப்பசி மழை. நெய்க்காரப்பட்டியில் வெல்லம் ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டினேன். எஞ்சினுக்குள் யாரோ கருங்கல்லை உருட்டுவது போல ஒரு சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

தார்ப்பாயின் கிழிசல் வழியே தண்ணீர் இறங்கி, மூட்டையிலிருந்து வெல்லப்பாகு சொட்டுச் சொட்டாக ரோட்டில் விழுந்தது. பழனியிலிருந்து வந்த மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எஞ்சின்ல கிராங்க் ஒடஞ்சு போச்சுங்க. மெட்ராஸ்ல இருந்து சாமான் வரோணும்," என்றார்.

மண்டி வேறு லாரி அனுப்பி வெல்லத்தை மாற்றிக்கொண்டது. என் வண்டியைக் கட்டி இழுத்துவந்து திண்டுக்கல் பட்டறையில் நிறுத்தினோம். மெட்ராஸிலிருந்து சாமான் வருவதற்குள் மாதம் பிறந்தது. கணக்குப்பிள்ளை சைக்கிளில் வந்து மணியடித்தார். வண்டி நிற்கிறதே என்றேன். வண்டி நின்றாலும் வாடகை நிற்காது என்று பத்திரத்தில் இருக்கிறதே என்றார்.

அந்த மாதத்துக்கு அம்மா அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்திருந்தது சரியாகப் போனது. அடுத்த மாதத்துக்கு வழியில்லை. பட்டறைக்காரர் கிராங்குக்குச் சொன்ன தொகையோ ஒரு வருஷ வாடகைக்குப் பக்கத்தில் வந்தது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் இருபது மாத உழைப்பும் வண்டியோடு போய்விடும். நெற்றியில் என் பிள்ளையின் பாதிப் பெயரைச் சுமந்துகொண்டு, வேறு எவனோ அதை எங்கள் தெரு வழியாக ஓட்டிப் போவான்.

அம்மாவின் வளையலைப் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள்.

ஓடு மாற்றின அன்று

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மழையில் ஒழுகியது. வீட்டுக்காரர் ஆள் அனுப்பியிருந்தார். மேலே ஒருவர் உட்கார்ந்து உடைந்த ஓட்டை எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். கூரை திறந்த இடத்தில் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு வீட்டுக்குள் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து, தகரப் பெட்டியைத் திறந்து, பத்திரத்தை முதல் தடவையாக எடுத்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். "உரக்கப் படிங்க, நானும் கேக்குறேன்," என்றாள். அடுப்பில் வெஞ்சனம் கொதித்துக்கொண்டிருந்தது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தேன்.

"ஏங்க, செத்த நேரம் நிறுத்துங்க," என்றாள். "அந்தக் காசுக்கு என்ன பேரு போட்டிருக்கு?"

"வாடகை."

"இந்த வீட்டுக்கு நம்ம கொடுக்கிறதும் வாடகைதானே?"

"ஆமா."

"மேல ஓடு மாத்துறாரே, அவருக்குக் கூலி கொடுக்கிறது நீங்களா, வீட்டுக்காரரா?"

நான் பதில் சொல்வதற்கு முன் கூரை மேலிருந்து குரல் வந்தது. "வீட்டுக்காரருதாம்மா. பேசித்தான் ஏறியிருக்கேன்."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரலைத் தணித்து, ஆனால் நிறுத்தாமல் சொன்னாள். "வாடகைன்னா எஞ்சின் ஒடைஞ்சது மொதலாளி பாடு. சொந்தம்னா வண்டியப் பிடுங்கக் கூடாது. அவருக்கு நல்லதுன்னா வாடகை, செலவுன்னா நம்ம சொந்தமா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லுங்க."

பத்து வருஷம் ரோட்டில் சுற்றிய எனக்கு அது தோன்றவில்லை. அடுப்படியில் இருந்தவளுக்குத் தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினேன்.

வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து

பொன்னுச்சாமி தராசுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயத்தைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டில் கேட்டதை அப்படியே சொன்னேன்.

கணக்குப்பிள்ளைதான் முதலில் பாய்ந்தார். கையெழுத்துப் போட்டு ஒன்றரை வருஷம் கழித்துச் சட்டம் பேச வந்துவிட்டேன் என்றார். முதலாளி கையைக் காட்டி அவரை அடக்கினார். வெங்காயச் சருகை ஊதிவிட்டார்.

அப்புறம் தன் பக்கத்தைச் சொன்னார். எனக்கு முன்னால் இதே வண்டியை ஓட்டியவர், நல்ல டயரைக் கழற்றி விற்றுவிட்டு, தேய்ந்த டயரை மாட்டி விட்டுப் போனாராம். அதற்குப் பயந்துதான் எல்லா ரிப்பேரையும் டிரைவர் தலையில் எழுதச் சொன்னாராம்.

"ஆனா நீங்க கேக்கறது ஞாயமுங்க," என்றார். "இதக் கையெழுத்துப் போடறதுக்கு முன்னால கேட்டிருந்தா, அன்னைக்கே மாத்தி எழுதியிருப்பேன். நீங்க தலைய தலைய ஆட்டுனீங்க. எல்லாம் புரிஞ்சுதான் ஆட்டறீங்கன்னு நான் நெனச்சேன். இப்ப யாருங்க சொல்லிக் குடுத்தா?"

"வீட்லதான்."

அவர் வெற்றிலை தெரியச் சிரித்தார். "புதுப் பத்திரம் எழுதலாமுங்க. அம்மிணியையும் கூட்டியாங்க. மறுக்கா ஒரு தடவை எழுத என்னால முடியாது."

இரண்டு நாள் கழித்து அம்மா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மண்டிக்கு வந்தாள். உட்கார இடமில்லாமல் வெங்காய மூட்டை ஒன்றைச் சரித்துப் போட்டார்கள். அன்றைக்குப் பத்திரத்தை எழுதுகிறவர் வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். உரக்க, விரலை வைத்து. கூச்சம்தான். இரண்டு இடத்தில் அம்மா மறுபடி படிக்கச் சொன்னாள். மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

டயரும் சின்ன ரிப்பேரும் என் பாடு. எஞ்சின் போனால் ஆளுக்குப் பாதி, இப்போது உடைந்த கிராங்குக்கும் சேர்த்து. பட்டறையில் முழு மாதம் நின்றால் அந்த மாதத்து வாடகையைக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம். மண்டியில் லோடு இல்லாத நாளில் வெளி லோடு ஏற்றலாம். கடைசித் தவணை அன்றே பெர்மிட்டை என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசியை நான்தான் கேட்டேன். அந்தோணி அண்ணனின் கோழிகள் சொல்லிக் கொடுத்தது அது. இவ்வளவுக்கும் பதிலாக முதலாளி தவணையில் ஆறு மாதம் கூட்டினார்.

ஒன்றை மட்டும் அவர் கொடுக்கவில்லை. நடுவில் நானாக விட்டுப் போனால், கட்டியதில் ஒரு பங்காவது திரும்ப வர வேண்டும் என்று கேட்டோம். "அது மட்டும் முடியாதுங்க," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். விட்டுப் போகிற எண்ணம் எங்களுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

தம்பிகளுக்கு

அதன் பிறகு வெளி லோடுதான் எங்களைக் காப்பாற்றியது. கிராங்கில் என் பாதியையும் அதில்தான் பட்டறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தேன்; அம்மாவின் வளையல் தப்பியது. மண்டி காய்ந்து கிடந்த மாதங்களில் வேடசந்தூர் மில்லிலிருந்து நூல் பேல் கட்டுகளை ஏற்றினேன். பஞ்சுத் தூசியில் மீசை நரைத்துப் போய் வீட்டுக்கு வந்தால், நூர்ஜஹான் என்னைப் பார்த்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

கடிதம் போட்ட தம்பிகளுக்கு என் பதில்: போடலாம். பயந்து ஒதுங்க வேண்டாம். கையில் முதல் இல்லாதவனுக்கு ஏறுவதற்கு இதுவும் ஒரு படிதான், நான் ஏறினேன். ஆனால் லாரி நின்றால் வாடகை ஓடுமா, எஞ்சின் யார் தலையில், லோடு கொடுக்காவிட்டால் நான் எங்கே போவது, பெர்மிட் யார் பெயருக்கு வரும், பாதியில் விட்டால் என்ன மிஞ்சும், இதையெல்லாம் மை காய்வதற்கு முன்னால் கேளுங்கள். முதலாளி கோபித்துக்கொண்டால் அப்படிப்பட்டவரோடு இரண்டரை வருஷம் எப்படி ஓட்டுவீர்கள்? பத்திரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் உரக்கப் படியுங்கள். அடுப்படியில் இருப்பவர் காதில் விழும்படி படியுங்கள்.

மூன்று எழுத்து

கடைசித் தவணையைக் கட்டின நாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்தபோது யாகூப் பீப்பாயைக் கவிழ்த்துப் போட்டு ஆயத்தமாக நின்றார். தெருமுனையில் குதிரை வண்டி நின்றது. பொன்னுச்சாமி சொன்னபடி வந்துவிட்டார். கையில் பெர்மிட் மாற்ற எழுதிய காகிதம். பின்னாலேயே கணக்குப்பிள்ளை, ஒரு பொட்டலம் மிக்சரோடு.

மூன்று வருஷ வெயிலிலும் மழையிலும் "நூர்" மங்கிப் போயிருந்தது. மஞ்சள் வெளுத்துச் சந்தன நிறமாகியிருந்தது. யாகூப் தொட்டுப் பார்த்தார்.

"இதச் சொரண்டிட்டு அஞ்சு எழுத்தையும் புதுசா எழுதிர்றேன் பாய். இல்லாட்டி ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும்."

சுரண்டும் தகட்டை எடுத்தும் விட்டார்.

"வேணாம்," என்றேன். "அது இருக்கட்டும். மிச்சத்த மட்டும் எழுதுங்க."

உங்கள் பெரியக்கா அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். இந்தத் தடவை யார் இடுப்பிலும் இல்லை. பீப்பாய்க்குக் கீழே நின்று, யாகூப் ஒவ்வொரு எழுத்தாக முடிக்க முடிக்கச் சத்தமாகப் படித்தாள். "ஜ." அப்புறம் "ஹா." கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்ததும் ஒரு மூச்சில் முழுப்பெயரையும் சொல்லிவிட்டு, அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

கறிக்கடைக்காரர் கதவில் சாய்ந்து நின்றார். "சரிலே அப்பு, பெத்துட்ட," என்றார்.

அடுத்த வாரம் செக்போஸ்ட்டுக்காரர் கம்பைத் தூக்காமல் வண்டியைச் சுற்றி வந்தார். நெற்றிப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாம் வந்திருச்சே பாய். ஏன் ரெண்டு நெறமா இருக்கு?"

"மங்குனது வாடகைக்கு ஓடுனதுங்க," என்றேன். "பளிச்சுன்னு இருக்கிறது சொந்தம்."

அவர் கம்பைத் தூக்கினார். நான் கியரைப் போட்டேன்.